வயிற்றை வெட்டினார்கள், மூக்கு முளைத்தது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சில வாரங்களில், எங்கள் வீட்டுக்குள் எதுவோ அழுகிக்கொண்டிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். கனிந்து கறுத்துப்போன வாழைப்பழத்தில் யாரோ கொஞ்சம் பெயிண்ட் தின்னரை ஊற்றிவைத்தது போன்ற வாடை. அடுப்படியில் இருந்தது, படுக்கையறையில் இருந்தது, மாடிப்படி ஏறினால் அங்கேயும் கூடவே வந்தது. எலி செத்திருக்கும் என்று பீரோவை நகர்த்தச் சொன்னேன். ஃப்ரிட்ஜைக் காலி செய்யச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், உங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது விழுந்து கிடக்கிறதா பாருங்கள் என்றேன். நல்ல மனிதர். மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தப்பாகப் போட்ட கணக்கை நாள் முழுக்கத் திருத்திப் பழகிய பொறுமை அவளுக்கு உண்டு. பீரோவை அவள்தான் தள்ளினாள். அன்று சாயங்காலம் தும்மல் வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபோது, அந்த வாடை முழுசாக என் உள்ளங்கைக்குள் இருந்தது. வீடு முழுக்க நான் தேடிக்கொண்டிருந்தது என் மூச்சுக்காற்றை.

"அப்ப அழுகுறது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, அவள் பீரோவைத் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். உடம்பு தன் கொழுப்பைத் தானே எரித்துத் தின்னும்போது மூச்சில் அப்படி ஒரு வாடை வரும் என்றார். அது சரி, அது எனக்குத் தெரிகிறதே, அது எப்படி? பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கே தெரியவில்லையே? அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு மூக்கு கூர்மையாகும், சிலருக்கு மந்தமாகும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது, ஏன் என்று முழுசாகச் சொல்ல முடியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் ஏமாற்றமாகவும் இருந்தது. வயிற்றில் கத்தி வைத்தால் மூக்கு ஏன் முழித்துக்கொள்கிறது? இரண்டுக்கும் நடுவில் எத்தனை முழம் தூரம் இருக்கிறது!

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காளவாசலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். உடம்பு குண்டு என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார என் மனைவிக்கு இடம் இருக்காது. சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துகளில் நான் ஒரு வேடிக்கைப் பொருள். நான் உட்கார்ந்த பந்தியில் பரிமாறுகிறவர்கள் வாளியை எனக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சர்க்கரை வந்தது, முழங்கால் போனது, படுத்தால் மூச்சு முட்டியது. கடைசியில் இரைப்பையின் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்தார்கள்.

இருபது வருஷமாகத் தின்னருக்கும் டர்பன்டைனுக்கும் நடுவில் உட்கார்ந்து, எனக்கு மூக்கு என்று ஒன்று கண்ணாடி மாட்டத்தான் இருந்தது. இப்போது கடை ஷட்டரைத் தூக்கினால் ஒவ்வொரு அலமாரியும் தனித்தனியாக மணக்கிறது. டிஸ்டம்பர் வாளி மூடியைத் திறக்காமலே உள்ளே கெட்டுப்போனது எது என்று தெரிகிறது. காலையில் வருகிற பெயிண்டர்கள், நேற்று வேலை பார்த்தது பழைய வீடா புது வீடா என்பதை அவர்கள் சட்டையே சொல்கிறது. பழைய சுவரைச் சுரண்டினவன் மேல் ஈரமண் வாடை, புதுச்சுவர்க்காரன் மேல் சிமெண்டு. நாகமலைப் பக்கம் மழை இறங்கினால் எனக்குக் கடைக்குள் தெரிந்துவிடும். வாசலில் அடுக்கியிருக்கும் பொருட்களை நான் உள்ளே எடுத்து வைப்பதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் சிரிப்பார். கொஞ்ச நேரத்தில் அவரும் எடுத்து வைப்பார்.

இது வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பொழுது சாயும்வரை. காளவாசலில் பொழுது சாய்ந்தால் பரோட்டாக் கல் காயும். ஒரு கடையா இரண்டு கடையா? சால்னா கொதிக்கிறது, முட்டை உடைகிறது, வெங்காயம் எண்ணெயில் விழுகிறது. எந்த வாடைக்காக ஒரு காலத்தில் கடையைச் சீக்கிரம் பூட்டினேனோ, அதே வாடை இப்போது என் அடிவயிற்றில் கையை விட்டுப் புரட்டியது. மற்றதும் கஷ்டம்தான். சூடான எண்ணெயில் வெங்காயம் விழுகிற அந்த வாடைதான் என்னை முதலில் ஓடவைக்கும். நான் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

இந்த நிலைமையில்தான் வாடிப்பட்டிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

எனக்கு ஒரே தங்கச்சி. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டம், துரவு, மாடு கன்று உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நான் டவுனுக்காரன், அவள் தோட்டக்காட்டுக்காரி என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு எப்போதும் உண்டு. ஆபரேஷனையே அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சாப்பிடுற மனுசன் வயித்த வெட்டுறதுக்குப் பேரு வைத்தியமாண்ணே?" என்று போனில் அழுதாள். அப்படிப்பட்டவள், உடம்பு தேறி அண்ணன் முதல் முறையாக வருகிறான் என்று, எனக்கு உயிரான கருவாட்டுக் குழம்பை அடுப்பில் வைத்திருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம் அவள் தாளிக்க வெங்காயத்தைப் போட்டாள்.

நான் உள்ளே போகவேயில்லை. மாட்டுத் தொழுவத்தின் பக்கம் ஓடிப்போய்க் குனிந்து நின்று, வழியில் குடித்த இளநீர் முழுவதையும் கக்கினேன். பிறகு தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு வந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு நாள் வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு, வந்த வாடகைக் காரிலேயே ஏறிவிட்டேன். தங்கச்சி கரண்டியோடு நின்றாள். அவள் மாமியார் பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. "ஒங்கண்ணன் மூக்கப் பொத்திக்கிட்டுல்ல போறாரு. நம்ம வீட்டுல கை நனைக்க மனசில்ல போல."

எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது மட்டுமில்லை. பெண் கேட்டுப் போன வீட்டில் சம்மதம் ஆகும்வரை கை நனைக்க மாட்டார்கள். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள், இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கை நனைக்காமல் போனால் உறவு இல்லை என்று அர்த்தம். அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு, மாடு நிற்கிற வாசலிலிருந்து, டவுன் அண்ணன்!

தங்கச்சி போனை எடுக்கவில்லை. அடுத்த மாதம் அவள் பையனுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டு, காது குத்தி, கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்த்திக்கடன். நான்தான் தாய்மாமன். என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். முதல் பந்தியில் முதல் இலை எனக்குத்தான் போட வேண்டும். கறி வேகும் இடத்தில் உட்கார்ந்து, அந்த இலையில் நான் கை வைக்காமல் எழுந்துவிட்டால், அவள் மாமியார் வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அவள் தலை குனிய வேண்டும். அண்ணன் வந்து இலையில் இருந்து எழுந்து போனான் என்று அவள் கிழவியாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். எனக்கு அந்த இலையை நினைத்தாலே பயமாக இருந்தது.

பயத்தில்தான் ஆராய்ச்சி ஆரம்பித்தது. என் மனைவி என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, கிண்ணம் கிண்ணமாக மூக்குக்கு நேரே நீட்டினாள். புளி, மல்லித்தூள், பச்சை வெங்காயம், வதக்கிய வெங்காயம், நேற்று வைத்த குழம்பு, இப்போது இறக்கிய குழம்பு. பச்சை வெங்காயத்துக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாங்காய்க் கீற்றை நீட்டியபோது நாக்கில் நீர் ஊறியது. சூடான குழம்புக்கு எழுந்து ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, இன்னொரு கிண்ணம் நீட்டினாள். ஏதோ புளிப்பு, லேசான கார வாடை. சுகமாகவே இருந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்தால், என்னை விரட்டிய அதே குழம்புதான், ஃபேனுக்கு அடியில் வைத்து ஆற வைத்திருந்தாள்.

"வாடை ஏறுறது சூட்டுல. நீங்க சாப்பாட்டுக்குப் பயப்படல, ஆவிக்குத்தான் பயப்படுறீங்க" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போல இருந்தது. மறுநாளே பரோட்டாக் கடையில் சால்னா வாங்கி ஆறவைத்து, நாலு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். இறங்கியது. ஆனால் இதனால் காதுகுத்துக்கு என்ன பிரயோஜனம்? தாய்மாமன் இலையில் ஆறின கறி வைப்பதைவிட அவமரியாதை வேறு இல்லை. ஆவி பறக்கப் பறக்க வைப்பதுதான் முறை. எனக்கு ஆறினதைக் கொடு என்று நான் எப்படிக் கேட்பேன், கேட்டால் யார் தருவார்கள்?

காதுகுத்துக்குச் சில நாள் முன்னால் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைக்க வந்தார்கள். அழைக்காமல் இருக்க முடியாது, முறை. தட்டை நீட்டினாள். உட்கார்ந்தாள். மனைவி கொண்டுவந்த காப்பியைப் பார்த்து, "வேண்டாம் மதினி" என்றாள். தண்ணீரையும் தொடவில்லை. அவள் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தது எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"ஒன் வீட்டு வாடை இல்ல தாயி. என் மூக்குதான் கோளாறு. ஆபரேஷனுக்கு அப்பறம் எல்லா வாடையும் எனக்குப் பத்து மடங்கா தெரியிது" என்றேன்.

"அப்ப நீ போலீசு நாயாண்ணே?"

நம்பவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவர்கள் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தேன். "வர்ற வழியில பரவை மார்க்கெட்டுல எறங்குனியா? ஒன் பையில கொத்தமல்லி இருக்கு. காலையில நீ குளிச்சது சீயக்காயில. மாப்ள வெங்காய வடை தின்னுருக்காரு." தங்கச்சியின் முகம் கொஞ்சம் இளகியது. பையைத் திறந்து கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்த வேகத்தில், "வடைக்கு மேல சிகரெட்டும் குடிச்சிருக்காரு, கொஞ்ச நேரந்தான் ஆகுது" என்றேன்.

காதுகுத்து முடியும்வரை சிகரெட்டைத் தொடுவதில்லை என்று மாப்ளை கருப்பசாமி பேரில் சத்தியம் செய்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"ஏன் மச்சான், ஒங்க மூக்கு ஒங்க வீட்டோட இருக்கக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார் மாப்ளை. தங்கச்சி எழுந்து நின்றாள். அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. என் மனைவி சமாதானப்படுத்தப் பார்த்தாள். சூடு இருந்தால்தான் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தாளிக்கிற வாடைக்கே ஓடுகிறார், பழைய சோறும் ஆறின குழம்பும் மாங்காயும்தான் இறங்குகிறது என்று டீச்சருக்கே உரிய முறையில் வரிசையாக விளக்கினாள். தங்கச்சி ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போவது போல இருந்தது. கேட்கவில்லை. "போறேன் மதினி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். கிளம்பும்போது போறேன் என்று சொல்கிறவள் இல்லை அவள், போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வாள். எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்குவதே இரண்டு கரண்டிதான், அதுவும் இறங்கவில்லை.

அழகர்கோவிலுக்குப் போன அன்று மலையடிவாரத்துக் காற்று எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. மரத்து இலை வாடை, குரங்கு வாடை, தேங்காய் உடைத்த ஈரம். தோப்புக்குள் அடுப்புகளை மூட்டும்வரை நான் நன்றாகவே இருந்தேன். அடுப்பு எரிந்து, அண்டாவில் எண்ணெய் காய்ந்து, ஒரு கூடை சின்ன வெங்காயம் உள்ளே விழுந்தது. காற்று நேராக என் பக்கம் திரும்பியது. கைக்குட்டையை எடுக்கவும் முடியாது. எல்லோர் கண்ணும் என் மூக்கின் மேல்தான். தங்கச்சியின் மாமியார் எனக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பையனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். மொட்டை போட்ட தலை. அதில் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள், இன்னும் காயவில்லை. சரியாக என் மூக்குக்குக் கீழே அந்தத் தலை. வாழ்க்கையில் எத்தனையோ மொட்டைத் தலையைப் பார்த்திருக்கிறேன், ஒரு தலை இவ்வளவு பெரிய உதவி செய்யும் என்று நினைத்ததில்லை. வெங்காயமும் எண்ணெயும் அந்தச் சந்தனத்தைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. காது குத்தினார்கள். பையன் வீறிட்டு அழுதான், என் சட்டையை இறுக்கிப் பிடித்தான். நானும் அவனை விடவில்லை. மருமகன் மேல் மாமனுக்கு என்ன பாசம் பார் என்று யாரோ சொன்னார்கள். பாசமும்தான்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பையன் இறங்க மாட்டேன் என்றான். அவனை மடியில் வைத்தபடியே முதல் இலையில் உட்கார்ந்து, அவன் தலையில் மூக்கை வைத்துக்கொண்டேன். இரண்டாவது இலையிலிருந்து ஆவி பறக்கப் பறக்கச் சோறும் கறியும் விழுந்துகொண்டே போனது. என் இலை மட்டும் காலியாக இருந்தது. வேண்டுமென்றே விடுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

தங்கச்சி வந்தாள். கையில் வாளி இல்லை, மூடி போட்ட ஒரு சின்னத் தூக்குச்சட்டி. குனிந்து என் இலையில் ஒரு கைப்பிடி தயிர்ச்சோறு வைத்தாள். அதன் பக்கத்தில் எலும்பில்லாத கறி நாலு துண்டு, பஞ்சுபோல வேகவைத்து நசுக்கியது. ஆவி இல்லை. இலையின் ஓரத்தில் இரண்டு மாங்காய்க் கீற்று.

அவள் மாமியார் எழுந்தே விட்டார். "என்னடி இது? தாய்மாமன் இலையில ஆறிப்போன கறிய வைக்கிற? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"சொல்லிட்டுப் போறாக அத்தே. எங்கண்ணனுக்கு மசக்க. ஆறுனாத்தேன் இறங்கும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்ளை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், சிகரெட் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. தங்கச்சி சிரிக்கவில்லை. மடியில் இருந்த பையனின் காதைப் பார்ப்பது போல என் பக்கம் குனிந்தாள்.

"மதினி சொன்னப்பதேன் எனக்கு ஒறைச்சிச்சு. இவன் வயித்துல இருந்தப்ப நானும் இப்படித்தேன் இருந்தேன். தாளிச்சா ஓடுவேன். அந்த வீட்டுல திமிருன்னு சொன்னாக. நீ மட்டுந்தேன் ஒண்ணும் கேக்காம, வாரா வாரம் ஸ்கூட்டருல மாங்கா கொண்டாந்து தந்துட்டுப் போவ. ஒனக்கு மறந்துபோச்சாண்ணே?"

மறந்தேதான் போயிருந்தேன். மார்க்கெட்டில் மாங்காய் வாங்கியதோ, வாடிப்பட்டி வெயிலில் போய்க் கொடுத்ததோ எதுவும் என் நினைவில் இல்லை. வீட்டில் இவ்வளவு ஆராய்ச்சி செய்தோமே, இது கர்ப்பிணிக்கு வருகிற மசக்கை போலத்தான் என்று எனக்கோ என் மனைவிக்கோ ஏன் தோன்றவில்லை? எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் தோன்றாமல் போயிருக்கலாம்.

ஆறின கறிக்கு வாடையே இல்லை. நான் சோற்றில் கையை வைத்தேன். மூன்று வாய்தான் இறங்கியது, மாங்காயைக் கடித்துக்கொண்டேன். என் வயிறு நிறைந்தது. இலையை மூடினேன். தங்கச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க, என் கையில் அவளே ஊற்றினாள்.

"நாளைக்கு ஒன் வீட்டுக்கு வாரேன்" என்றாள். "மதினிய நல்லா சுடச்சுட ஏதாச்சும் ஆக்கி வைக்கச் சொல்லு. எனக்கு மூக்கு நல்லாத்தேன் இருக்கு."